ஆறாவது வாளி

ஓஸ்த்ரவா, செப்டம்பர் 15

அன்புள்ள கைதி அப்பாவுக்கு,

ஏழாவது மாடியிலிருந்து உன் மகள் டோரோட்டா எழுதுவது. போனில் பேசலாமே என்று கேட்பாய். உனக்குப் போன் தரும் நேரத்தில் நான் பள்ளியில் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். வீட்டில் உங்கள் சிறையின் எண்ணைப் பார்த்தாலே அம்மா போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறாள். ஆகவே அஞ்சல்தலை. எச்சில் தொட்டு ஒட்டியிருக்கிறேன், முத்தம் என்று வைத்துக்கொள்.

நீ உள்ளே போய் ஒரு வாரம், ஆகஸ்ட் வரை இன்னும் பதினொரு மாதம். அங்கே காலையில் தினமும் கஞ்சிதானாமே? எனக்கு ஆச்சரியமில்லை. கஞ்சாவின் காலை எடுத்துவிட்டு விலங்கை மாட்டினால் கஞ்சி. எழுதிப் பார், சரியாக வரும்.

அம்மா நேற்று இரண்டு கரண்டி சூப் குடித்தாள். இன்று ஒன்று. சனி ஞாயிறுகளில் சித்தி அலெனா வருகிறாள். மற்ற நாட்களில் தாதி ரெனாட்டா காலையில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிறாள். புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது என்று எனக்கும் ரெனாட்டாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், ஆனால் மூன்று பேரும் வானிலை பற்றியே பேசுகிறோம்.

குளியலறையில் உன் ஐந்து கறுப்பு வாளிகள் நின்ற இடத்தில் ஐந்து வட்டக் கறை இருக்கிறது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. மண்ணே இல்லாமல் தண்ணீரில் வேரைத் தொங்கவிட்டு நிற்கிற செடிக்குக் குமிழிதான் மூச்சு, பம்ப் நின்றால் வேர் அழுகும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாயே. வேர் அழுகினால் வேறு வழியில்லை என்று நான் முடித்து வைப்பேன். அந்தக் குளுகுளு சத்தம் இல்லாமல் அம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை. நிலவறையில் கிடக்கிற வாளி ஒன்றை எடுத்து வந்து, வெறும் தண்ணீர் ஊற்றிப் பம்பைப் போடட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"அந்தச் சனியன என் கண்ணுல காட்டாத. அஞ்சுதான்னு என்கிட்ட சத்தியம் பண்ண மனுஷன், ஆறாவத கொண்டுபோய்ப் புள்ளையோட துணி அலமாரியில ஒளிச்சு வெச்சாரு. போலீஸ்காரன் புள்ளையோட ஜட்டிய எல்லாம் கட்டில்ல கொட்டித் தேடினான். என் வலிக்காகத்தான் வளத்தாராம். எனக்காக."

மார்ச்சிலிருந்து இதே பல்லவி. நீ கோடை முழுக்கச் சமையலறைச் சோபாவில் படுத்தாய், அவள் உன்னிடம் ஒரு சொல்கூடப் பேசவில்லை, நான் நடுவில் உப்பை நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா, அந்த ஆறாவது வாளியைப் பற்றி நான் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. என்ன என்று உனக்குத் தெரியும்.

டோர்க்கா


செப்டம்பர் 24

டோர்க்கா,

கடிதம் வந்தது. இங்கே எல்லாவற்றையும் பிரித்துப் படித்த பிறகுதான் கையில் தருவார்கள். உன் கஞ்சி சமாச்சாரத்தைக் காவலர் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அதனால் நினைவில் வை. நீ எழுதுவதைப் படிக்க இரண்டு பேர் இருக்கிறோம்.

ஆறாவது வாளியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுதாதே.

அறுபது பேருக்கு நாலு குழாய். அதில் இரண்டு ஒழுகுகிறது. நான் குழாய்க்காரன் என்று தெரிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். கதவுச் சாவி இல்லை, குழாய்ச் சாவி. உன்னைப் போல எனக்கும் சிரிக்கப் பேச வருகிறது பார்.

அம்மாவுக்குச் சூப்பில் மார்ஜோரம் இலை போடாதே, குமட்டும். கம்பளிக் காலுறை பழுப்புப் பெட்டியில் இருக்கிறது. அவள் என்னைப் பற்றிக் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல். கேட்காவிட்டாலும் ஒரு தரம் சொல்லிவை.

அப்பா


ஓஸ்த்ரவா, அக்டோபர் 6

அன்புள்ள அப்பாவுக்கும், இதை முதலில் படிக்கும் காவலர் ஐயாவுக்கும் வணக்கம்.

எழுதாதே என்றாய். நான் சொன்னதைக் கேட்கும் பிள்ளையாக இருந்தால் நீ இப்போது வீட்டில் இருப்பாய்.

பிப்ரவரியில் விதை வந்தபோது விற்ற கடைக்காரன் ஐந்துக்கு ஒன்று இலவசமாகப் போட்டிருந்தான். நீ ஆறாவதைத் தனியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். "அஞ்சுன்னா அஞ்சு. இதப் பக்கத்து வீட்டுக் கிளிக்குப் போட்ரு" என்றாய். ஐந்து பிடிபட்டால் அபராதம், ஆறு என்றால் வழக்கு. உன் தலைக்கு மேல் ஏற்கெனவே ஒரு நிறுத்திவைத்த தண்டனை தொங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படி முழுக்க இருக்கிற கிழங்களுக்கெல்லாம் முழங்கால் வலிக்குக் கஞ்சாக் களிம்பு கிண்டிக் கொடுத்தாயே, அந்தப் பழைய வழக்கு. எல்லாம் எனக்குத் தெரியும். கிளிக்குப் போடவில்லை.

பெயிண்ட் வாளி ஒன்று, உன் பழைய பம்ப் ஒன்று, என் மேசை விளக்கு. மின்கம்பிக்கு அலமாரியின் பின்பலகையில் ஒரு துளை போட்டு, துணிக்குப் பின்னால் வைத்தேன். வாலுக்கும் வாளிக்கும் பொருத்தம் என்று நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். உன் மூன்றாம் நம்பர் நோஞ்சானாக இருந்ததே, ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையில் அதை எடுத்துவிட்டு என்னுடையதை அந்த வாளியில் வைத்துவிட வேண்டும். நீ பல் தேய்க்க வந்து பார்த்து, "மிலாடா, ஓடி வா, நோஞ்சான் எந்திரிச்சு நிக்குது" என்று கத்துவாய். அம்மா சிரிப்பாள். அவ்வளவுதான் திட்டம். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

விளக்கை அணைக்காமல் எரியவிட்டால் பூக்காமல் காத்திருக்கும் என்று நினைத்தேன். மற்றச் செடி காத்திருக்குமாம். நீ வாங்கியது பகல் இரவு பார்க்காமல் தன் வயது வந்ததும் தானே பூத்துவிடும் சாதி. அதை நீ பத்து தடவை சொல்லியிருக்கிறாய், நான் பத்து தடவையும் தலையை ஆட்டியிருக்கிறேன். அது மார்ச்சிலேயே பூத்தது. உன் குளியலறையில் வாசனையைப் பிடிக்கக் கரி வடிகட்டி இருந்தது. என் அலமாரியில் என் காலுறைகள் மட்டும்தான் இருந்தன. நாற்றத்தில் அவை தோற்றது அதுவே முதல் முறை. காற்றுப்போக்கி வழியாக எட்டாம் மாடி யுர்ச்சிகோவா வீட்டுக்குப் போயிற்று. அவள் போலீஸுக்குப் போன் போட்டாள்.

அன்று காலை போலீஸ்காரர் குளியலறையில் ஐந்து வரை எண்ணிவிட்டுப் பேனாவை மூடப் போனார். இன்னொருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். நான் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன், வாய் நிறைய நுரை. நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அதுவும் என்னுதுதான் சார். குளியலறையில எடம் பத்தல" என்றாய். நான் நுரையை விழுங்கினேன். சொல்ல வேண்டியதையும் சேர்த்து.

அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா? அவள் உன்மேல் கோபத்தோடு போய்விடக் கூடாது, அப்பா. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

டோர்க்கா


அக்டோபர் 15

டோர்க்கா,

நீ எழுதிய கதையை இரண்டு பேரும் படித்தோம். உனக்குச் சின்ன வயதிலிருந்தே கதை கட்ட வரும். ஆறும் என்னுடையவை. எனக்கு எண்ணத் தெரியும்.

அம்மாவிடம் சொல்லாதே. என்மேல் கோபப்படுவது அவளுக்குப் பழக்கம், பத்தொன்பது வருடப் பயிற்சி. உன்மேல் அவள் கோபப்பட்டதே இல்லை. இப்போது ஆரம்பித்தால் அந்தக் கோபம் ஆறுவதற்கு நாள் வேண்டும். அத்தனை நாள் அவளிடம் இல்லை.

என் பேச்சை இந்த ஒரு தரம் கேள்.

அலமாரியைத் துடைத்துவிட்டு உன் துணியை மறுபடி அடுக்கினாயா? அந்தத் துளையை அடைக்க வெள்ளைப் பசை பரணில் இருக்கிறது.

அப்பா


ஓஸ்த்ரவா, நவம்பர் 12

அப்பா,

சொல்லிவிட்டேன். திட்டுவதாக இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டுத் திட்டு. பிறகு மீதியைப் படி, ஏனென்றால் மீதி இதைவிட மோசம்.

அம்மா நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கொஞ்சம் தேவலை, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலடியில் உட்கார்ந்து விதை, அலமாரி, ஏப்ரல் ஒன்று எல்லாம் சொன்னேன். உனக்கு எழுதியதைவிட நன்றாகச் சொன்னேன், அழக்கூடச் செய்தேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இன்னிக்கு என்ன, நவம்பர்ல ஏப்ரல் ஒண்ணா?"

யாரைக் குற்றம் சொல்ல? நாளை முதல் வெந்நீர்க் குழாயில் பீர் வரும், பாத்திரத்தோடு தயாராக இருக்கவும் என்று லிஃப்டில் அறிவிப்பு ஒட்டியது நான். மூன்றாம் மாடியில் இரண்டு பேர் காலையில் கூஜாவோடு நின்றார்கள். சர்க்கரை டப்பாவில் உப்பு, சித்தியின் காலணியில் ஜெல்லி, பள்ளித் தலைமையாசிரியர் குரலில் போன். அதையெல்லாம் நம்பினார்கள். இதை நம்பவில்லை.

"நெஜமாம்மா. சத்தியமா நாந்தான்" என்றேன். அப்போது அவள் முகம் மாறியது.

"அவர் சொல்லிக் குடுத்தாரா? அங்கேருந்து எழுதினாரா? பெத்த புள்ள தலையில கட்டிட்டு நல்லவனாகப் பாக்குறாரா?"

இல்லை என்று நான் எவ்வளவு கத்தினேனோ அவ்வளவு உறுதியாக நம்பினாள். எனக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. அந்தச் செடிக்கு நான் எழுதி வைத்திருந்த நாள்கணக்கு நோட்டை மார்ச்சிலேயே பயந்துபோய்க் குப்பையில் போட்டுவிட்டேன். சித்தியைக் கூப்பிட்டு, வாசலில் இருக்கிற உன் வீட்டுச் செருப்பைக் கீழே நிலவறையில் கொண்டுபோய்ப் போடச் சொன்னாள். நீ உள்ளே போன பிறகும் அதை யாரும் தொடவில்லை, அங்கேயே இருந்தது. இப்போது இல்லை.

நான் சரிசெய்யப் போய் இருந்ததையும் உடைத்துவிட்டேன். நீ ஒரு வரி எழுது. ஆறாவது என்னுடையது இல்லை என்று ஒரே ஒரு வரி. உன்னை அவள் நம்பமாட்டாள் என்று சொல்லாதே. நீ பொய் சொன்னால் காது சிவக்கும், எழுத்திலும் அது அவளுக்குத் தெரியும்.

டோர்க்கா


நவம்பர் 24

டோர்க்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்த வரியை எழுதினால் அது காகிதத்தில் இருக்கும். உனக்குப் பதினாறு. பதினைந்திலிருந்தே வழக்குப் போடலாம். இங்கே இதைப் படிப்பவர் நல்லவர், ஆனால் அவர் விடுப்பில் போனால் வேறு ஒருவர் படிப்பார். குழாய் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிட்டால் அங்கே கையை வைத்து அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும், ஆள் வரும்வரை எடுக்கக் கூடாது. நான் கையை எடுக்க மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைத்தால் நேரில் வந்து அவள் காதில் சொல்கிறேன். காதுக்குள் சொன்னால் காகிதம் இல்லை. அதுவரை அவளைப் பார்த்துக்கொள். அதுவரை இருக்கச் சொல்.

செருப்பு போகட்டும். நிலவறையில் ஈரம் அதிகம், செய்தித்தாளில் சுற்றி வை.

அப்பா


ஓஸ்த்ரவா, டிசம்பர் 15

அப்பா,

நம் வீட்டுக் குளியல்தொட்டியில் இப்போது ஒரு பெரியவர் குடியிருக்கிறார். மூன்று கிலோ, மீசை உண்டு. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வெட்டும்வரை தொட்டியில் விட்டுவைக்கிற கெண்டையைச் சித்தி இந்த வருடம் சீக்கிரமே வாங்கிவிட்டாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. மீன் தண்ணீரின் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, எங்கள் தலைமையாசிரியர் போலவே. பாவமாக இருந்தது. உன் பம்பைத் தேடி எடுத்துக் குமிழி விடும் காற்றுக் கல்லைத் தொட்டியில் போட்டேன். அம்மாவைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை, சத்தியமாக. என் சத்தியத்துக்கு இப்போது என்ன விலை என்று உனக்கே தெரியும்.

குளுகுளு என்று ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா விழித்துக்கொண்டாள்.

"வந்துட்டாரா?"

அவள் குரலில் கோபமே இல்லை, அப்பா. கடைக்குப் போன ஆள் திரும்பி வந்துவிட்டாரா என்று கேட்பது போலக் கேட்டாள். நான் உள்ளே ஓடி, "இல்லம்மா, மீனுக்காகப் போட்டேன்" என்றேன். அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நிறுத்தட்டுமா என்றேன். "இருக்கட்டும், மீனு சாவக் கூடாதுல்ல" என்றாள். அன்று மத்தியானம் நான்கு மணி நேரம் தூங்கினாள். பல வாரமாக அப்படித் தூங்கவில்லை.

ரெனாட்டாவிடம் கிறிஸ்துமஸ் வரை தாங்குமா என்று கேட்டேன். அவள் ஊசிப்பெட்டியை மூடிக்கொண்டே, "கண்ணு, கிறிஸ்துமஸ் ரொம்ப தூரம்" என்றாள். கிறிஸ்துமஸ் முந்தைய இரவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.

விடுப்பு வரும் என்று காத்திருக்காதே. எழுது. எனக்காக இல்லை. என்மேல் எந்த வழக்கு வந்தாலும் வரட்டும், வாயைத் திறந்து பதில் சொல்கிறேன், இப்போது வாயில் நுரை இல்லை.

டோர்க்கா


டிசம்பர் 18, புதன்

டோர்க்கா,

விடுப்பு இல்லை என்று மத்தியானம் சொன்னார்கள். உன் கடிதமும் அதே நேரத்தில் வந்தது.

கீழே எழுதியிருப்பதை அம்மாவிடம் படித்துக் காட்டு. படிப்பவர் படிக்கட்டும்.

மிலாடா, ஆறாவது என்னுடையது இல்லை. அலமாரியைத் திறந்தபோதுதான் நானும் முதலில் பார்த்தேன். அழகாக வளர்த்திருந்தாள், என் ஐந்தையும்விட நன்றாக. உன்னைச் சிரிக்க வைக்க நினைத்தாளாம். அவள்மேல் கோபப்படாதே. உன்னிடம் சொல்லாதது என் தப்பு. ஐந்து என்று சொன்னேன், ஐந்துதான் வைத்தேன். சமையலறைச் சோபாவில் எனக்குத் தூக்கமே வரவில்லை. ராடோவன்.


ஓஸ்த்ரவா, டிசம்பர் 23

அன்புள்ள அப்பா,

சிறைப் பாதிரியார் உன்னிடம் சொல்லியிருப்பார். வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. நானும் சித்தியும் பக்கத்தில் இருந்தோம். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதிகம் கஷ்டப்படவில்லை.

ஆனால் இதைத்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டும். உன் கடிதம் வியாழன் காலையிலேயே வந்துவிட்டது. அம்மாவுக்கு நல்ல நினைவு இருந்தது. படித்துக் காட்டினேன். "இன்னொரு தரம் படி" என்றாள். படித்தேன். கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு அவளே உன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"மண்டு மனுஷன். இதச் சொல்ல ஒம்பது மாசமா? நான் அந்தச் சோபாப் பக்கம் எத்தன தடவ வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன் தெரியுமா?" என்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலிக்கவே இல்லை, அவ்வளவு லேசான கை. நோஞ்சான் எழுந்து நின்றதா என்று கேட்டுச் சிரித்தாள். அப்புறம், "அவர் செருப்ப மேல எடுத்துட்டு வா" என்றாள். எடுத்து வந்து வாசலில் வைத்திருக்கிறேன்.

ஆகவே நீ கவலைப்பட வேண்டியது எதுவும் இல்லை.

கெண்டை இன்னும் தொட்டியில்தான் இருக்கிறது. கொல்ல ஆளில்லை, வருடா வருடம் அது உன் வேலை. குளிக்க எட்டாம் மாடிக்குப் போகிறோம். ஆமாம், யுர்ச்சிகோவா வீட்டுக்குத்தான். வெள்ளிக்கிழமை பிஸ்கட் தட்டோடு வந்து கதவருகே நின்றாள். அழுதாள், தட்டை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். அவள் வீட்டுச் சோப்பில் உருளைக்கிழங்கு வாசனை வருகிறது.

அடக்கம் 27ஆம் தேதி. உன்னை விடுவார்களா?

டோர்க்கா


டிசம்பர் 30

டோர்க்கா,

விடவில்லை. பண்டிகை நாட்களில் கூட அனுப்பக் காவலர் இல்லையாம். 27ஆம் தேதி பதினோரு மணிக்கு இங்கே ஒரு குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றேன். மாட்டவில்லை.

பாதிரியார் வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிட்டுச் சொன்னார். திரும்பி வரும்போது அலுவலக அறைக்கு வெளியே தபால் கூடை இருந்தது. இங்கே வெள்ளிக்கிழமைதான் தபால் வெளியே போகும். புதன்கிழமை நான் கொடுத்த கடிதம் மேலாகவே கிடந்தது. என் கையெழுத்து, கோணல் மாணலாக. எடுத்துவிடலாம் என்று கை போயிற்று. காவலரும் பார்த்தார். பிறகு, உனக்காவது வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். மண்டு மனுஷன் என்ற இடம் அவளேதான். சோபாப் பக்கம் வந்துவிட்டுத் திரும்பிப் போனாள் என்கிறாயே, அது எனக்கும் சில நாள் காதில் விழுந்திருக்கிறது. நான் தூங்குவது போலக் கிடந்தேன். எழுந்து உட்கார்ந்திருக்கலாம். அது உன் தப்பு இல்லை, விதையின் தப்பும் இல்லை.

நீ எழுதியதை எழுதியபடியே வைத்துக்கொள்வோம். திருத்தாதே. யாராவது கேட்டால் நானும் அப்படியே சொல்கிறேன். என் காது சிவந்தால் சிவக்கட்டும்.

செருப்பை நீ மேலே கொண்டுவந்து வைத்தது மட்டும் நிஜம் என்று எனக்குத் தெரியும். அங்கேயே இருக்கட்டும்.

மீனை ஆற்றில் விட்டுவிடு. பனிக்கட்டி இல்லாத இடமாகப் பார்த்து, பாலத்துக்குக் கீழே, சித்தியோடு போ. தனியாகப் போகாதே. பிறகு நிலவறையிலிருந்து ஒரு வாளியை மேலே எடுத்து வந்து கழுவி, குளியலறையில் அந்தக் கறைமேல் வை. தண்ணீர் ஊற்றிப் பம்பை அதில் போடு. வெறும் தண்ணீர் போதும். ஆகஸ்ட் வரை ஓடட்டும்.

நீ நிறுத்த வேண்டாம். நான் வந்து நிறுத்துகிறேன்.

அப்பா